ஏழு அரிசி எடைக் கடிதம்

1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்ததும், மத்தியதரைக் கடல் பிரிட்டிஷ் கப்பல்களுக்கு ஆபத்தான வழியாகிவிட்டது. எகிப்துப் பாலைவனத்தில் கூடாரமடித்திருந்த சிப்பாய்களுக்கு வீட்டுத் தபால் வருவதே அரிதாயிற்று. லண்டனிலிருந்து கெய்ரோவுக்குக் கிளம்பிய தபால் பை ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு வந்தாக வேண்டும். அதற்கு மாதங்கள் பிடித்தன. குழந்தைக்குக் காய்ச்சல் என்று மனைவி எழுதியது கைக்குக் கிடைக்கும்போது, அந்தக் குழந்தை காய்ச்சல் தீர்ந்து நடக்கப் பழகியிருக்கும். அவன் பதறிப்போய் எழுதும் பதில் வீடு சேரும்போது, எதற்குப் பதறினான் என்பதே வீட்டில் மறந்திருக்கும்.

விமானம் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. அதில் ஏற்ற வேண்டிய சாமான்களும் இருந்தன: உதிரி பாகங்கள், மருந்து, அதிகாரிகள், ரகசியக் காகிதங்கள். ஒவ்வொரு கிலோவுக்கும் போட்டி. கடிதத்தைத் தட்டிக் கழிக்கவும் முடியாது. வீட்டுச் சேதி நின்றுபோன படை எப்படிச் சோர்ந்துபோகும் என்பது எல்லாத் தளபதிகளுக்கும் தெரிந்த விஷயம். வயிறு காய்ந்தால் சிப்பாய் முணுமுணுப்பான். கடிதம் வராவிட்டால் பேசாமல் இருந்துவிடுவான். இரண்டாவதுதான் அதிகாரிகளைப் பயமுறுத்தியது.

இந்தச் சிக்கலுக்கு அன்று கிடைத்த விடை, எனக்குத் தெரிந்து தபால் வரலாற்றிலேயே துணிச்சலான யோசனை. கடிதத்தை அனுப்ப வேண்டாம், அதன் தோற்றத்தை மட்டும் அனுப்பினால் போதும் என்று முடிவு செய்தார்கள்.

பின்னால் அமெரிக்கா இதே வேலையில் இறங்கியபோது போட்ட கணக்கைப் பார்த்தால் யோசனையின் பலம் விளங்கும். ஒற்றைப் பக்கக் கடிதங்கள் ஒன்றரை லட்சத்தை அப்படியே அனுப்பினால் 37 தபால் பைகள் வேண்டும். எடை 2,575 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1,170 கிலோ. அதே ஒன்றரை லட்சத்தையும் ஃபிலிமில் படம் பிடித்து அனுப்பினால் ஒரே பை, 45 பவுண்டு. இருபது கிலோவை ஒட்டி வரும். வகுத்துப் பாருங்கள். காகிதக் கடிதம் ஒன்றுக்கு எட்டு கிராம். ஃபிலிம் கடிதம் ஒன்றுக்கு 0.14 கிராம்கூட இல்லை. ஏழு அரிசி எடை என்று வைத்துக்கொள்ளலாம்.

எட்டு கிராம் கடிதத்தில் எடை எங்கே இருக்கிறது? காகிதத்திலும் உறையிலும்தான். மை காய்ந்த பிறகு அதன் எடை மில்லிகிராம் கணக்கு. அந்த மையும்கூட அம்மாவுக்குத் தேவையில்லை. எந்த இடம் கறுப்பு, எந்த இடம் வெள்ளை என்கிற வேறுபாடு தெரிந்தால் அவள் மகனுடைய எழுத்தை அடையாளம் கண்டுகொள்வாள். அந்த வேறுபாட்டுக்கென்று தனியாக எடை கிடையாது. அதைத் தாங்க ஏதாவது ஒரு பொருள் வேண்டும், அவ்வளவே. அந்தப் பொருள் எவ்வளவு சிறியதாகவும் இருக்கலாம்.

எவ்வளவு சிறியதாக என்பதை அதற்கு நூறாண்டு முன்பே சிலர் சோதித்துவிட்டார்கள். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட 1839ஆம் ஆண்டிலேயே, பிற்பாடு மான்செஸ்டரில் நுண்ணோக்கி செய்து விற்ற ஜான் பெஞ்சமின் டான்சர், ஓர் ஆவணத்தை 160இல் ஒரு பங்காகச் சுருக்கிப் படமெடுத்தார். பிரான்சில் ரெனே டாக்ரோன் இதை வியாபாரமாக்கினார். மோதிரத்திலும் சாவிக்கொத்திலும் கடுகளவு படம் ஒன்றைப் பதித்து, அதன் முன்னால் துளியூண்டு லென்ஸ் வைத்து விற்றார். கண்ணருகே பிடித்தால் உள்ளே ஒரு முழுக் காட்சி தெரியும். திருவிழாக் கடையில் வாங்குகிற சாமான் மாதிரிதான். 1870 செப்டம்பரில் பிரஷ்யப் படை பாரிஸ் நகரைச் சூழ்ந்து முற்றுகையிட்டபோது அந்த விளையாட்டுச் சாமான் உயிர்நாடியாயிற்று.

முற்றுகைக்குள்ளிருந்து வெளியே கடிதம் அனுப்ப வழி இருந்தது: பலூன். அறுபதுக்கு மேற்பட்ட பலூன்கள் லட்சக்கணக்கான கடிதங்களுடன் காற்று போன பக்கம் போய் இறங்கின. உள்ளே வரத்தான் வழியில்லை. பலூனைக் குறிவைத்து ஓட்ட முடியாது. புறா வரும், ஆனால் புறா எத்தனை காகிதத்தைச் சுமக்கும்? நவம்பர் 12ஆம் தேதி டாக்ரோன் தன் கருவிகளோடு பலூனில் பாரிஸை விட்டுப் பறந்தார். அவர் ஏறிய பலூனுக்குப் பெயர் ‘நியெப்ஸ்’, கூடவே கிளம்பிய இன்னொன்றுக்கு ‘டாகெர்’. புகைப்படக் கலையைக் கண்டுபிடித்தவர்கள் இருவரின் பெயர்கள். பெயர் வைத்தவருக்கு ரசனை இருந்திருக்கிறது. ‘டாகெர்’ எதிரியிடம் சிக்கியது. டாக்ரோன் தப்பினார், கருவிகளில் பலவற்றை இழந்து, தூர் நகரம் போய்ச் சேர்ந்து வேலையைத் தொடங்கினார்.

ஊரெங்கிலுமிருந்து வந்த சேதிகளை முதலில் அச்சுக் கோத்தார்கள். அச்சிட்ட பக்கங்களைச் சுருக்கி, கொலோடியன் என்னும் மெல்லிய சவ்வில் படமெடுத்தார்கள். ஒரு சவ்வில் ஏறக்குறைய 3,000 சேதிகள். அத்தகைய சவ்வுகளைச் சுருட்டி இறகுத் தண்டுக்குள் செருகி, புறாவின் வால் இறகில் கட்டினார்கள். எல்லாம் சேர்ந்து ஒரு கிராம்கூட வராது. பெரும்பாலான புறாக்கள் ஊர் சேரவில்லை. குளிர், பருந்து, தோட்டா எல்லாம் இருந்தன. ஆனால் ஒரே சேதியைப் பல புறாக்களில் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். ஏதாவது ஒன்று சேர்ந்தால் போதும். வந்து சேர்ந்த சவ்வை அமோனியா கலந்த தண்ணீரில் போட்டால் சுருள் விரியும். அதைக் கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்து, விளக்கொளியில் சுவரில் பெரிதாக விழச்செய்து, எழுத்தர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதி, உரியவருக்குக் கொடுத்தனுப்பினார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாரிஸ்வாசி கையில் வாங்கியது மனைவியின் எழுத்தை அல்ல. யாரோ ஒரு குமாஸ்தாவின் எழுத்தை. சேதி வந்தது, கை வரவில்லை. கையும் வருவதற்கு இன்னொரு எழுபது ஆண்டும், ஒரு வங்கிக்காரரும் தேவைப்பட்டார்கள்.

வங்கிக்காரர் நியூயார்க்கைச் சேர்ந்த ஜார்ஜ் மெக்கார்த்தி. அங்கே பணம் கொடுத்து முடித்த காசோலையை வாடிக்கையாளருக்கே திருப்பித் தரும் வழக்கம் உண்டு. தந்த பிறகு தகராறு வந்தால் வங்கியிடம் சாட்சி இருக்காது. எல்லாக் காசோலைகளையும் படமெடுத்து வைத்துக்கொண்டால் என்ன என்று யோசித்து, 1920களின் நடுவில் ஒரு கருவி செய்தார். கோடாக் நிறுவனம் அதை வாங்கி, 1928இல் ‘ரெக்கார்டாக்’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது.

அந்தக் கருவியின் நுட்பம் அழகானது. சாதாரணக் கேமராவில் ஆடாமல் அசையாமல் இருக்கச் சொல்வார்கள். அசைந்தால் படம் கலங்கிவிடும். இதிலோ காசோலை நிற்காமல் உருளையில் ஓடும். உள்ளே ஃபிலிமும் ஓடும். காசோலை பதினைந்து அங்குலம் நகர்கிற நேரத்தில் ஃபிலிம் சரியாக ஓர் அங்குலம் நகரும்படி பல்சக்கரங்களை இணைத்து, லென்ஸும் பதினைந்தில் ஒரு பங்காகவே சுருக்கித் தந்தால் போதும். ஃபிலிமைப் பொறுத்தவரை பிம்பம் அசையாமல் நிற்கிறது. இடையில் ஒரு மெல்லிய பிளவு வழியாக ஒளி விழ, காகிதம் தலையிலிருந்து கால்வரை கோடு கோடாகப் பதிவாகிவிடும். இன்றைய ஜெராக்ஸ் கடையில், மேலே அடுக்கிய தாள்கள் ஒவ்வொன்றாக உள்ளே இழுக்கப்பட்டு நகல் வருகிறதே, அதற்கு மூத்த அண்ணன் இது. காசோலை ஓடிய தடத்தில் கடிதம் ஓடினால் என்ன?

கோடாக் நிறுவனம் விமான நிறுவனங்களுடன் சேர்ந்து 1930களிலேயே இந்த யோசனையைத் தயாராக வைத்திருந்தது. போர்தான் அதற்குத் தேவையைக் கொண்டுவந்தது. 1941 ஏப்ரலில் கெய்ரோவில் ‘ஏர்கிராஃப்’ சேவை தொடங்கியது. அங்கிருந்து கிளம்பிய முதல் ஃபிலிம் சுருள்கள் மே மாதம் லண்டன் சேர்ந்தன. இங்கிலாந்திலிருந்து எதிர்த்திசையில் ஆகஸ்டில் போன முதல் ஏர்கிராஃபை எழுதியவர் அரசி எலிசபெத், இப்போதைய மன்னர் சார்லஸின் பாட்டி. பெறுநர் தளபதி ஆக்கின்லெக். விளம்பரத்துக்குத்தான். அமெரிக்கர்கள் 1942 ஜூன் 15இல் தங்கள் பங்குக்குத் தொடங்கி, வெற்றியைக் குறிக்கும் முதலெழுத்தைச் சேர்த்து ‘வி-மெயில்’ என்றார்கள்.

இனி ஒரு சிப்பாயின் கடிதத்தைப் பின்தொடர்வோம். வட ஆப்பிரிக்காவில் எங்கோ ஒரு முகாமில் அவன் இருக்கிறான். எங்கே என்று எழுதக்கூடாது. அவனுக்கு ஒரு படிவம் தருவார்கள், 18 சென்டிமீட்டர் அகலம், 23 சென்டிமீட்டர் உயரம். ஒரே பக்கம். மேலே கட்டத்துக்குள் பெரிய எழுத்தில் முகவரி. கறுப்பு மையில் அழுத்தி எழுத வேண்டும். பொடி எழுத்து கூடாது. ஓரத்தில் கிறுக்கக் கூடாது. முடித்ததும் மடித்தால் அதுவே உறை. நம் இன்லண்ட் லெட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இன்லண்டில் மடிப்பு மடிப்பாக, ஒட்டும் ஓரத்திலும்கூட “அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும்” என்று எழுதுகிற சுதந்திரம் இதில் கிடையாது.

அவனுடைய அதிகாரி ஒருவர் படித்துப் பார்ப்பார். ஊர்ப்பெயர், கப்பல் பெயர், படை நகர்வு இருந்தால் அடிப்பார், முத்திரை வைப்பார். பிறகு கடிதம் நிலையத்துக்குப் போகும். அமெரிக்க ராணுவம் வெளிநாட்டில் திறந்த முதல் பெரிய வி-மெயில் நிலையம் மொராக்கோவின் காசாபிளாங்காவில், 1943 ஏப்ரலில், ஒரு வெட்டவெளியில் அவசரமாக அமைத்தது. அங்கே படிவத்துக்கு ஒரு வரிசை எண் போட்டு, ரெக்கார்டாக்கில் ஓட்டுவார்கள். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

அந்த நொடியில் ஃபிலிமில் நடப்பது என்ன? ஃபிலிம் என்பது தெளிவான நாடாவின் மேல் பூசிய ஜெலட்டின். ஜெலட்டினுக்குள் வெள்ளி ஹாலைடு என்னும் உப்பின் படிகங்கள், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதற்கும் சிறியவை. வெள்ளைக் காகிதத்திலிருந்து வரும் ஒளி ஒரு படிகத்தில் பட்டால், அதில் ஓர் எலக்ட்ரான் விடுபட்டு, ஒரு வெள்ளி அயனியை வெள்ளி அணுவாக மாற்றும். இப்படி நாலைந்து அணுக்கள் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் போதும், அந்தப் படிகம் ‘ஒளி பட்டது’ என்று குறி வைத்துக்கொண்டதாக அர்த்தம். கண்ணுக்கு எதுவும் தெரியாது. டெவலப்பர் கரைசலில் போட்டதும், குறி உள்ள படிகம் முழுவதும், அதிலிருக்கும் கோடிக்கணக்கான அயனிகளும் வெள்ளியாகிக் கறுத்துவிடும். குறி இல்லாதது அப்படியே இருக்கும். அதை அடுத்த கரைசல் கழுவி எடுத்துவிடும். நாலைந்து அணுக்களின் சாட்சியம் கோடிக்கணக்கான மடங்கு பெரிதாகிக் கண்ணுக்குத் தெரிய வருகிறது. எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் முழுக் கதையிலும் பெரிய ஆச்சரியமாகப் படுகிறது.

மை பட்ட இடத்திலிருந்து ஒளி வராது. ஆகவே ஃபிலிமில் அந்த இடம் தெளிவாக, சுற்றிலும் கறுப்பாக இருக்கும்: நெகட்டிவ். பேனாக் கோட்டின் தடிப்பு அரை மில்லிமீட்டர் என்றால், பதினைந்தில் ஒரு பங்காகச் சுருங்கிய பிறகு அது ஏறக்குறைய 0.03 மில்லிமீட்டர். படிகமோ அதில் முப்பதில் ஒரு பங்கு. ஒரு கோட்டின் குறுக்கே முப்பது படிகங்கள் நிற்கின்றன. எழுத்தின் வளைவு, சுழிப்பு, அவசரத்தில் விட்ட புள்ளி எல்லாம் தப்பிவிடும். மங்கலான பென்சிலும் பொடி எழுத்தும் கூடாது என்றது இதனால்தான். கோடு மெலிய மெலிய அதைத் தாங்க நிற்கும் படிகங்கள் குறையும். சாம்பல் நிறமாக இருந்தால் அதையும் காகிதம் என்றே ஃபிலிம் எடுத்துக்கொள்ளும்.

பதினாறு மில்லிமீட்டர் அகல ஃபிலிம், ஒரு சுருளில் ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட கடிதங்கள், விமானத்தில் ஏறும். படமெடுத்த படிவங்களை உடனே எறிந்துவிட மாட்டார்கள். ஃபிலிம் போய்ச் சேர்ந்தது என்று தகவல் வரும்வரை வைத்திருப்பார்கள். விமானம் கடலில் விழுந்தால்? மறுபடி ஓட்டி, மறுபடி அனுப்பலாம். கடிதம் என்கிற பொருளுக்குப் பிரதி ஒன்று பின்னால் பத்திரமாக இருந்தது. பாரிஸ் புறாக்களின் பாடம் இங்கே இன்னும் சிக்கனமாக வேலை செய்தது.

நியூயார்க், சிகாகோ, சான்ஃபிரான்சிஸ்கோ ஆகிய மூன்று ஊர்களில் ஒன்றில் சுருளை இறக்கி, பெரிய படத்தாள் சுருளில் வரிசையாகப் பிரிண்ட் போட்டு, இயந்திரத்தில் நறுக்கி, சன்னல் வைத்த உறையில் போடுவார்கள். முகவரியை யாரும் திரும்ப எழுத வேண்டியதில்லை; சிப்பாய் தன் கையால் கட்டத்துக்குள் எழுதிய முகவரியே சன்னல் வழியே தெரியும். அம்மா கைக்கு வருவது 11க்கு 13 சென்டிமீட்டர் படம். நீள அகலத்தில் மூலத்தின் பாதிக்குச் சற்று மேல். பொடி எழுத்துக்காரன் வீட்டில் பூதக்கண்ணாடி தேட வேண்டியிருந்திருக்கும்.

அதற்குள் மூலப் படிவத்தின் கடமை முடிந்துவிட்டது. அதை அழித்துவிடுவார்கள். அவன் கை பட்ட காகிதம் ஊருக்கு வரவே வராது.

பொறியாளர்கள் கணக்கில் சேர்க்காத ஒரு தொல்லை எதிர்த்திசையில் வந்தது. வீட்டிலிருக்கும் பெண்கள் படிவத்தின் அடியில் உதட்டுச்சாயத்தோடு முத்தம் பதித்து அனுப்பினார்கள். வரிசையாக ஓடும் கருவிக்குள் அந்த மெழுகுச்சாயம் ஒட்டிக்கொண்டு, பின்னால் வரும் அந்நியர்களின் கடிதங்களிலெல்லாம் தீற்றியது. இயந்திரத்தை நிறுத்தித் துடைக்க வேண்டியதாயிற்று. முத்தம் வேண்டாம் என்று அறிவிப்புக் கொடுக்கும் நிலைமை தபால் துறைக்கு வந்தது.

உளவு பார்ப்பவர்களுக்கு இதே முறை பெரிய தலைவலி. கண்ணுக்குத் தெரியாத மை என்பது என்ன? எலுமிச்சைச் சாறோ வேறு ரசாயனமோ காகித இழைக்குள் ஊறிக் கிடப்பது. சூடு காட்டினாலோ இன்னொரு ரசாயனம் தடவினாலோதான் வெளிப்படும். ஃபிலிமுக்குத் தெரிவது ஒளியின் வேறுபாடு மட்டும். கண் காணாததைக் கேமராவும் காணவில்லை என்றால், ரகசியம் மூலக் காகிதத்தோடு பின்னாலேயே தங்கி, அதோடு எரிந்துபோகும். முற்றுப்புள்ளி அளவுக்கு ஒரு பக்கத்தையே சுருக்கி ஒட்டும் மைக்ரோடாட்டுக்கும் அதே கதிதான். சுருக்கியதை இன்னும் பதினைந்து மடங்கு சுருக்கினால் படிகங்களுக்குப் பிடிபடாது. வெறும் புள்ளியாகவே போய்ச் சேரும். மைக்ரோடாட்டும் வி-மெயிலும் ஒரே கலையில் பிறந்தவை. தம்பியை அண்ணன் விழுங்கினான்.

எடைப் பிரச்சினை இப்படித் தீர்ந்தாலும், ஆளைக் கண்டுபிடிக்கும் பிரச்சினை தீரவில்லை. சிப்பாய் ஓரிடத்தில் இருப்பதில்லை. 1945 தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பட்டுவாடா ஆகாத தபால் கிடங்கு கிடங்காகக் குவிந்து கிடந்தது. அதைத் தீர்க்க வந்தது அமெரிக்க ராணுவத்தின் 6888ஆம் தபால் படைப்பிரிவு; மேஜர் சாரிட்டி ஆடம்ஸ் தலைமையில் 855 பேர், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். குளிரில், குண்டுவீச்சுக்குப் பயந்து கறுப்புப் பூசிய சன்னல்களுக்குள், மூன்று ஷிஃப்டாக வேலை. எழுபது லட்சம் அட்டைகளில் சிப்பாய்களின் பெயரும் வரிசை எண்ணும். ராபர்ட் ஸ்மித் என்ற பெயரில் மட்டும் 7,500 பேர் இருந்தார்களாம். நம் ஊர்ப் பட்டாளத்தில் முருகேசன்களை எண்ணிய மாதிரி. ஆறு மாதம் என்று கொடுத்த வேலையை மூன்று மாதத்தில் முடித்தார்கள். ஒன்றே முக்கால் கோடியை நெருங்கும் தபால்கள்.

ஒரு கடிதத்திலிருந்து எது போகும், எது மிஞ்சும் என்று பார்க்க இங்கே கொஞ்சம் பின்னோக்கி, முதல் உலகப் போருக்குப் போக வேண்டும். 1914–15இல் பிரான்சின் அகழிகளில் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். பெரும்பாலோர் பஞ்சாபிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் போனவர்கள். 1915 மார்ச் வாக்கில் வாரத்துக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கடிதங்கள் அவர்களிடமிருந்து ஊருக்குக் கிளம்பின. பலருக்கு எழுதத் தெரியாது. ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதுவார். ஊரில் படிக்கத் தெரிந்தவர் நாலு பேர் நடுவில் உரக்கப் படிப்பார். நடுவில் பூலோன் நகரத்தில் ஹவல் என்ற அதிகாரியின் தணிக்கை அலுவலகம். அங்கே கடிதங்களைப் பிரித்து, வேண்டிய பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கையாக அனுப்பினார்கள். சிப்பாய்களுக்கும் அது தெரியும். ஆகவே நேராகச் சொல்ல முடியாததை மிளகு வியாபாரமாகச் சொன்னார்கள். கறுப்பு மிளகு என்றால் இந்தியச் சிப்பாய், சிவப்பு மிளகாய் என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய். எது எவ்வளவு செலவாகிறது என்று எழுதினால் ஊரில் புரிந்துகொள்வார்கள். தம்பியைப் பட்டாளத்தில் சேர விடாதே என்பதுதான் பல கடிதங்களின் உட்பொருள். தணிக்கைக்காரருக்கும் மிளகு விலை சீக்கிரமே புரிந்துவிட்டது.

அந்தக் கடிதங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பவை அந்தத் தணிக்கை அறிக்கைகள்: வேற்று மொழியில், தட்டச்சில், வெட்டி எடுத்த துண்டுகள். உளவு பார்க்கச் செய்த காரியம்தான் அந்தக் குரல்களைக் காப்பாற்றியிருக்கிறது. கையெழுத்து, மொழி, காகிதம் மூன்றும் போய்ச் சொன்ன விஷயம் மட்டும் மிஞ்சியது. வி-மெயிலில் சொன்ன விஷயத்தோடு கையெழுத்தும் மொழியும் வந்தன, காகிதம் மட்டும் போயிற்று. ஒரு கடிதத்தை எத்தனை அடுக்காக உரிக்கலாம் என்று இரண்டு போர்களும் பரிசோதனை செய்து பார்த்த மாதிரி இருக்கிறது.

காகிதம் போனால் என்ன என்று பொறியாளர் கேட்கலாம். வீடுகள் வேறுவிதமாக நினைத்தன. வி-மெயிலில் 1942 ஜூனுக்கும் 1945 ஏப்ரலுக்கும் இடையில் இருபுறமும் நூறு கோடிக்கு மேல் கடிதங்கள் போய்வந்தன; இது பிரமாண்டமான எண்தான். ஆனால் 1944இல் அமெரிக்கக் கடற்படையினருக்கு வந்த வி-மெயில் 3.8 கோடி, சாதாரண முதல் வகுப்புத் தபால் 27.2 கோடி. அரசாங்கம் சுவரொட்டி ஒட்டி, இது வேகமானது, நாட்டுக்கு நல்லது என்று கெஞ்சியும், ஏழு மடங்கு கடிதங்கள் எட்டு கிராம் காகிதத்திலேயே போயின.

காரணம் ஊகிக்கக்கூடியதுதான். ஒரு பக்கத்தில் மனசு அடங்காது. முடிக்கற்றை, காய்ந்த பூ, பத்திரிகைத் துண்டு வைக்க முடியாது. முகம் தெரியாத எத்தனையோ பேர் கண்ணில் படுகிறது என்கிற கூச்சம் வேறு. தபால் துறையும் இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டு ஒரு விதியைத் தளர்த்தியது. அப்பா போருக்குப் போன பின் பிறந்த குழந்தையின் படத்தைப் படிவத்தில் ஒட்டி அனுப்பலாம் என்றார்கள். எழுத்துக்காக, கறுப்பு வெள்ளை இரண்டே நிறத்துக்காகச் சரிசெய்திருந்த ஃபிலிமில் குழந்தையின் கன்னம் எப்படி வந்திருக்கும் என்று எந்த ஸ்டூடியோக்காரரும் சொல்லிவிடுவார்: வெளுப்பும் கறுப்புமாக, நடுச்சாயல் இல்லாமல். அப்படி வந்த படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவர்கள் குறை சொன்னதாகத் தெரியவில்லை.

போர் முடியும் தறுவாயில் விமானங்கள் பெருகின, பெரிதாயின. எடைப் பஞ்சம் தீர்ந்தது. மெல்லிய காகிதத்தில் ஒற்றைத் தாளாக மடிக்கும் விமானக் கடிதமே போதும் என்றானது. ஏர்கிராஃப் 1945 ஜூலையிலும், வி-மெயில் அதே ஆண்டு நவம்பர் 1இலும் நின்றன. அந்த மடிப்புத் தாள் உலகெங்கும் நிலைத்தது. இந்தியத் தபால் துறை 1950இல் வெளியிட்ட இன்லண்ட் லெட்டரும் அந்தக் குடும்பம்தான். மைக்ரோஃபிலிம் நூலகங்களுக்குப் போயிற்று. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் கோட்டையூர்க்காரர் ஒருவர் சேர்த்த தமிழ்ப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் தொண்ணூறுகளில் இதே வழியில்தான் ஃபிலிமில் ஏற்றியது. அங்கே மூலத்தை எரிக்கவில்லை.

நம் ஊரிலும் பட்டாளக்காரர் வீடுகளில் ‘56 ஏ.பி.ஓ.’, ‘99 ஏ.பி.ஓ.’ என்று ராணுவத் தபால் நிலைய எண்ணோடு முகவரியிட்ட இன்லண்டுகள் இரும்புப் பெட்டியின் அடியில் இருக்கும். ஆள் லடாக்கில் இருந்தாரா ராஜஸ்தானில் இருந்தாரா என்பதை அந்த எண்ணிலிருந்து வெளியார் கண்டுபிடிக்க முடியாது. அப்படிக் கடிதம் ஏதும் உங்கள் வீட்டில் இருந்தால், கவனிக்கச் சில விஷயங்கள். வெயிலும் ட்யூப் லைட்டும் நீல மையை வெளுக்கும்; கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டாம். செல்லோ டேப் சில வருடங்களில் மஞ்சளாகி, பசை எழுத்துக்குள் இறங்கும். லேமினேஷன் செய்தால் சூட்டோடு ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது. மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தால் விரித்து, அமிலமில்லாத தாளுக்கிடையே தட்டையாக வைக்கலாம். படமெடுப்பதானால் ஃபிளாஷ் இல்லாமல், பக்கவாட்டிலிருந்து வரும் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பேனா அழுத்தி எழுதிய இடங்களில் விழுந்த பள்ளங்கள் நிழல் கட்டித் தெரியும்; மை மங்கிப்போன சொல்லைக்கூடச் சில சமயம் அதை வைத்துப் படித்துவிடலாம். வி-மெயில் பிரிண்டில் அந்தப் பள்ளம் கிடையாது.